ஒரே ஒரு ‘அ’

(சனிக்கிழமை இரவு. சபையின் பின்னறை. மேசைமேல் நாளைய ஆராதனைக்கான நிகழ்ச்சித்தாள்கள் 150. ரூத் அக்கா ஞாயிறு பள்ளிக்கு வண்ணப் பென்சில்களைச் சீவிக்கொண்டிருக்கிறார். தானியேல் மூச்சிரைக்க வருகிறான்.)

தானியேல்: அக்கா! தாளைப் பார்த்தீர்களா?

ரூத்: பார்த்தேனே. இந்த முறை எழுத்து பெரிதாக வந்திருக்கிறது.

தானியேல்: அதுதான் பிரச்சினையே! ஏழாவது வரியைப் படியுங்கள். சத்தமாக.

ரூத்: ‘சாட்சி: சகோ. தானியேல். தலைப்பு: அசைக்க முடியாத என் அவி...’ (நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் தேடி மாட்டுகிறார்.) ‘...என் அவிசுவாசம்.’ அசைக்கவே முடியாதா? அவ்வளவு உறுதியா தம்பி?

தானியேல்: சிரிக்காதீர்கள் அக்கா.

ரூத்: நான் சிரிக்கவில்லை.

தானியேல்: இல்லை, நீங்கள் சிரித்தீர்கள்.

ரூத்: அட, கர்த்தர் ஆபிரகாமின் மனைவி சாராளிடம் சொன்னது அப்படியே இதுதான். தொண்ணூறு வயதில் பிள்ளை என்றதும் கூடார வாசலுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். ‘நான் நகைக்கவில்லை’ என்று ஒரு பொய் வேறு. ‘இல்லை, நீ நகைத்தாய்’ என்றார். பாவம், சாராள் பேர்தான் கெட்டது. அதற்கு முந்தின அதிகாரத்திலேயே ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரித்திருக்கிறார். விழுந்து விழுந்து சிரிப்பது என்பதை உண்மையிலேயே செய்தவர் விசுவாசிகளின் தகப்பன்! கடைசியில் பிள்ளைக்கு வைத்த பேர் ஈசாக்கு. அர்த்தமே சிரிப்பு.

தானியேல்: வேதபாடம் அப்புறம் அக்கா. இந்தத் தாளை டைப் செய்தது யார்? எனக்கு இப்போதே தெரிய வேண்டும்.

ரூத்: நான்தான்.

தானியேல்: ...

ரூத்: நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே எடுத்து ஒட்டினேன். இதோ பார். புதன் இரவு 1.40. உன் நம்பர்தானே?

(தானியேல் பார்க்கிறான். இன்னொரு முறை பார்க்கிறான். நாற்காலியில் உட்காருகிறான்.)

தானியேல்: விரலுக்குத் தெரிந்திருக்கிறது அக்கா.

ரூத்: என்னது?

தானியேல்: ஒன்றுமில்லை. ஒயிட்னர் கொண்டுவந்திருக்கிறேன். 150 தாளிலும் அந்த ‘அ’வை மட்டும் அழித்துவிடலாம். ஒரே ஒரு எழுத்துதானே.

(இருவரும் தொடங்குகிறார்கள். தானியேல் ‘அ’வின் சுழியில் தொடங்கிக் கடைசிக் கோடுவரை வெள்ளையைத் தடவுகிறான். ரூத் ஊதிக் காயவைத்து அடுக்குகிறார். முப்பது தாள்வரை பேச்சு இல்லை. இப்படிப்பட்ட வேலையில்தான் மனுஷன் வாய் திறப்பான்.)

தானியேல்: அக்கா, நாளைக்கு எனக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடுங்களேன்.

ரூத்: ஏன், தொண்டை சரியில்லையா?

தானியேல்: தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே சரக்கு இல்லை. கண்ணை மூடி ஜெபம் செய்கிறேன், கூரையைத் தாண்டிப் போகிற மாதிரியே இல்லை. பாட்டு பாடும்போது வாய் மட்டும் அசைகிறது. மற்றவர்கள் முடிப்பதற்கு முன்னாலேயே ‘ஆமென்’ சொல்லிவிடுகிறேன்.

ரூத்: ஓ, அந்த ‘ஆமென்’ நீதானா? பக்தி என்று நினைத்து நான் வீட்டில் போய்ச் சொன்னேன்.

தானியேல்: பேரைப் பாருங்கள், தானியேல். வேதத்தில் வரும் தானியேல் சிங்கக் குகையில் ராத்திரி முழுக்க இருந்துவிட்டு வந்தார். எனக்குத் தெருநாய் குரைத்தாலே விசுவாசம் இரண்டு படி இறங்குகிறது.

ரூத்: பேருக்கேற்றபடி இருந்தாக வேண்டும் என்றால் நம் சபையில் எத்தனை சாலொமோன்கள் இருக்கிறார்கள், யாருக்காவது ஞானம் இருக்கிறதா? அந்தத் தாளை இப்படிக் கொடு. ஈரத்தோடு அடுக்காதே.

தானியேல்: கேலி செய்யாதீர்கள். யாக்கோபு என்ன எழுதியிருக்கிறார்? சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான். அது நான்தான்.

ரூத்: அதற்கு முந்தின வசனத்தையும் படி. ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று இருக்கும். ‘உனக்கு ஏன் இவ்வளவு குறைவு’ என்று திட்டமாட்டாராம். அதற்காக அந்த அலை வசனம் என்னைக் குத்தவில்லை என்று சொல்லமாட்டேன். குத்தத்தான் செய்கிறது. நானும் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகத்தான் புரட்டுவேன்.

தானியேல்: நீங்களா? இருபத்திரண்டு வருஷம் ஞாயிறு பள்ளி எடுக்கிறவரா?

ரூத்: அதனால்தான் சொல்கிறேன். போன மாதம் ஒரு வாண்டு கேட்டான்: ‘டீச்சர், நோவாவின் பேழைக்குள் சிங்கம் பசித்தால் என்ன சாப்பிட்டது?’ நான் என்ன சொன்னேன் தெரியுமா?

தானியேல்: என்ன சொன்னீர்கள்?

ரூத்: ‘எல்லாரும் பேழைக்கு வண்ணம் தீட்டுங்கள்’ என்றேன். எனக்குப் பதில் தெரியாதபோதெல்லாம் வண்ணம் தீட்டச் சொல்லிவிடுவேன். அதனால்தான் பென்சில் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது.

(தானியேல் முதல் முறையாகச் சிரிக்கிறான். வெள்ளை ஒரு துளி ‘சகோ.’ மேல் விழுகிறது.)

ரூத்: பார்த்து! சகோதரனையும் சேர்த்து அழித்துவிடாதே.

தானியேல்: அப்பா விஷயத்திலிருந்துதான் அக்கா இது. சபையே ஜெபித்தது. ஒருவர் வந்து, ‘சுகமாகிவிட்டார் என்று விசுவாசித்து இப்போதே நன்றி சொல்’ என்றார். சொன்னேன். மனதார. வெள்ளிக்கிழமை அப்பா போய்விட்டார். திங்கட்கிழமை அதே ஆள் வந்து, ‘உன் விசுவாசம் போதவில்லை தம்பி’ என்கிறார்.

ரூத்: அதற்கு நீ என்ன சொன்னாய்?

தானியேல்: என்ன சொல்வது என்று தெரியாமல் ‘உட்காருங்கள்’ என்றேன். உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம்.

(ரூத் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் மூன்று தாள்களை ஊதி அடுக்குகிறார்.)

ரூத்: எல்லாம் இழந்து கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் மூன்று பேரும் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். ஏழாம் நாளோடு நிறுத்தியிருந்தால் நமக்கும் பாதிப் புத்தகம் மிச்சம்.

தானியேல்: அப்போது நான் கோபமாகக் கூட ஜெபித்தேன். அது பாவம்தானே?

ரூத்: 13ஆம் சங்கீதத்தில் தாவீது எத்தனை ‘எதுவரைக்கும்’ கேட்கிறார் என்று எண்ணிப் பார். இரண்டே வசனத்தில் நாலு. 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம். கடைசியில் ஒரு ‘அல்லேலூயா’வாவது வரும் என்று படித்துக்கொண்டே போனால், இருட்டிலேயே முடிந்துவிடும். அதை யாரும் ஒயிட்னர் போட்டு அழிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்திலேயே வைத்துவிட்டார்கள்.

தானியேல்: ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாமல் மேடையில் நிற்பது மாய்மாலம் இல்லையா?

ரூத்: மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும் இதே கேள்விதான் வந்தது. 1738 மார்ச்சில், எனக்கே விசுவாசம் இல்லை, பிரசங்கத்தை விட்டுவிடவா என்று பீட்டர் போலர் என்ற நண்பரைக் கேட்டார். ‘விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியும், வந்தபின் அது இருப்பதால் பிரசங்கிப்பீர்’ என்றார் போலர்.

தானியேல்: வந்ததா?

ரூத்: மே 24ஆம் தேதி லண்டனில் ஒரு கூட்டத்தில் உள்ளம் அனலானது என்று எழுதிவைத்திருக்கிறார். எல்லாப் பிரசங்கியாரும் அங்கே நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஜனவரி நாட்குறிப்பைப் புரட்டினால், நான் இப்போது கிறிஸ்தவன் இல்லை என்று எழுதியிருக்கிறார் மனுஷன்!

தானியேல்: ஐயோ, அப்புறம்?

ரூத்: அப்புறம் என்ன, அதோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். அன்னை தெரேசாவை எடுத்துக்கொள். 1997இல் காலமானார். பத்து வருஷம் கழித்து அவர் கடிதங்கள் புத்தகமாக வந்தபோதுதான் தெரிந்தது, ஏறக்குறைய ஐம்பது வருஷம் உள்ளுக்குள் இருட்டு என்று. காலையில் எழுந்து வேலைக்கு மட்டும் போயிருக்கிறார்.

தானியேல்: அவர்களெல்லாம் பெரியவர்கள். சாதாரண சபை ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?

ரூத்: ஒரு வீடே இருக்கிறது. அப்போஸ்தலர் 12. பேதுரு சிறையில். காவலுக்குப் பதினாறு சேவகர். மாற்கின் தாய் மரியாள் வீட்டில் அத்தனை பேரும் கூடி ஜெபம். தூதன் வந்து எழுப்பினான், சங்கிலி விழுந்தது, பட்டணத்து இரும்புக் கதவு தானாகத் திறந்தது. பேதுரு நேரே வந்து இந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலைக் கேட்டுச் சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபவீரர்கள் என்ன சொன்னார்கள்? ‘நீ பிதற்றுகிறாய்.’

தானியேல்: ராத்திரி முழுக்க அதற்காகத்தானே ஜெபித்தார்கள்!

ரூத்: அதைத்தான் சொல்கிறேன். இரும்புக் கதவு தானாகத் திறந்தது. ஜெபக்கூட்டத்துக் கதவுதான் திறக்கவில்லை. ‘அவருடைய தூதனாயிருக்கலாம்’ என்று உள்ளே விவாதம் நடக்கிறது, வெளியே பேதுரு தட்டிக்கொண்டே நிற்கிறார்.

(கதவு தட்டப்படுகிறது. இருவரும் உறைந்துபோகிறார்கள்.)

தானியேல்: அக்கா...

ரூத்: தூதனாயிருக்கலாம். போய்த் திற.

தானியேல்: நீங்கள் போங்கள்.

(கதவு தானாகத் திறக்கிறது. காவலாளி எட்டிப் பார்த்து, விளக்கை எப்போது அணைப்பீர்கள், நான் பூட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போகிறார்.)

ரூத்: சரி, சீக்கிரம். எத்தனை ஆயிற்று?

தானியேல்: எழுபத்தொன்று. அக்கா, ஒயிட்னர் வரவில்லை.

ரூத்: உதறிப் பார்.

தானியேல்: உதறிவிட்டேன். தீர்ந்துவிட்டது. இன்னும் எழுபத்தொன்பது தாள் அவிசுவாசத்தில் இருக்கின்றன.

ரூத்: அழித்ததும் அப்படியொன்றும் அழியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

(தானியேல் ஒரு தாளைக் குழல்விளக்குக்கு நேரே பிடிக்கிறான். வெள்ளைக்குப் பின்னால் ‘அ’ நிழலாக நிற்கிறது, சுழியும் கோடும் பிசகாமல்.)

தானியேல்: கிதியோன் மாதிரி ஒரு அடையாளம் கேட்டுப் பார்க்கட்டுமா? காலையில் தாளெல்லாம் நனைந்து மேசை மட்டும் காய்ந்திருந்தால்...

ரூத்: தாள் நனைந்தால் யார் மறுபடி அச்சடிப்பது? அவனுக்கும் ஆட்டுத்தோல் மட்டும் ஒரு முறை நனைந்தது போதவில்லை, மறுநாள் தோலைக் காயவைத்துத் தரையை நனைக்கச் சொன்னான். கர்த்தர் அதையும் செய்து கொடுத்தார். நீ மாற்கு 9:24 எடு.

தானியேல்: (கைப்பேசியில்) பிள்ளையைச் சுகமாக்க இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன்... ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்...’

(நிறுத்துகிறான். இடது கையில் அழித்த தாள். வலது கையில் அழிக்காத தாள்.)

தானியேல்: ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லியிருக்கிறார்.

ரூத்: சத்தமிட்டுச் சொன்னாராம். கண்ணீரோடே. அத்தனை ஜனத்துக்கு நடுவில்.

தானியேல்: பிள்ளை?

ரூத்: எழுந்து நின்றான். அந்த அப்பாவுக்கு அன்று கிடைத்தது. உன் அப்பாவுக்கு ஏன் இல்லை என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. வண்ணப் பென்சில் வேண்டுமானால் தருகிறேன்.

(தானியேல் சிரிக்கிறான். கண்ணைத் துடைத்த கையில் ஒயிட்னர். நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு.)

தானியேல்: இரண்டு கட்டையும் கலந்துவிடட்டுமா அக்கா?

ரூத்: கலந்துவிடு. சீட்டுக்கட்டு மாதிரிக் கலக்காதே, காவலாளி பார்க்கிறார்.

தானியேல்: சபையில் பாதிப் பேர் விசுவாசம் என்பார்கள், பாதிப் பேர் அவிசுவாசம் என்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தாளை ஒப்பிட்டுப் பார்ப்பார்களே!

ரூத்: பார்க்கட்டும். நீ மேடைக்கு வருமுன்பே பாதிச் சாட்சி முடிந்துவிடும்.

தானியேல்: சிரித்தால்?

ரூத்: சிரிக்கட்டும். முதல் வரிசைப் பெரியவரை மட்டும் கவனித்துக்கொள். ஆபிரகாம் மாதிரி முகங்குப்புற விழுந்துவிடப் போகிறார்.