எலெக்டிவ் கிழமைகளைத் திருகோணமலைக்குத் தாருங்கள்

மருத்துவ பீடத்தில் ஃபைனல் இயருக்குள் போகும் தம்பி தங்கச்சிமார் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, எந்த அப்பொயின்ட்மென்ட் (வாட்டில் பயிற்சி பெறும் முறை) முதல்ல வந்தா நல்லம்?" மெடிசின், சேர்ஜரி, பீடியாட்ரிக்ஸ், மகப்பேறு, உளமருத்துவம் என ஐந்தும் எப்படியும் வரத்தான் போகின்றன. எந்தக் குரூப்புக்கு எது முதலில் என்பதைப் பீடம் பார்த்துக்கொள்ளும். அதற்காக மண்டையை உடைக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது எலெக்டிவ் கிழமைகள், அதாவது எந்த வைத்தியசாலையில் பழகுவது என்று நீங்களே தெரிவுசெய்யும் கிழமைகள். அவற்றைத்தான் யோசித்துச் செலவழிக்க வேண்டும்.

பலரும் கண்ணை மூடிக்கொண்டு கொழும்பை எழுதிக் கொடுக்கிறார்கள். பெரிய பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு கட்டிலைச் சுற்றி ரெஜிஸ்ட்ரார், இன்டர்ன், வேறு மாணவர்கள் என்று ஆள் நிறைந்திருக்கும். பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவீர்கள். பரீட்சை முடிந்து இன்டர்ன் வேலைக்கு மெரிட் ஒழுங்கில் இடம் பிரிக்கும்போது உங்களில் கனபேர் போகப்போவது மாவட்ட வைத்தியசாலைகளுக்குத்தான். ஆறு மாதம் ஒரு துறை, அடுத்த ஆறு மாதம் இன்னொன்று. அந்த வேலையை முன்கூட்டியே பார்க்க வேண்டாமா?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வாருங்கள். மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கமிருந்து நோயாளர்கள் வருவார்கள். வயலில் புடையன் பாம்பு கடித்து ஒருவர் வந்தால், இரத்தம் உறைகிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சரித்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் சரிவராது. உறைவைத் தூண்டுவது கண்ணாடிதான். உறையாமல் ஓடினால் விஷமுறி மருந்துக்கான நேரம் அது. புத்தகத்தில் இரண்டு வரியில் முடிகிற விஷயம்தான். கடிபட்டவரின் மனைவி பக்கத்தில் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க அந்த 20 நிமிடத்தைக் கழித்தால் ஆயுசுக்கும் மறக்காது.

டெங்கும் அப்படித்தான். 2017இல் கிண்ணியா பட்ட பாடு இங்கே யாருக்கும் மறக்கவில்லை. காய்ச்சல் விடும் நேரத்தை ஒட்டித்தான், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா நாளங்களை விட்டுக் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்கும். ஆகவே "காய்ச்சல் எப்ப விட்டது?" என்பதை மூதூர் உம்மாவிடம் தமிழிலும், கந்தளாய் அம்மாவிடம் சிங்களத்திலும் தெளிவாகக் கேட்கத் தெரிய வேண்டும். ஒரே வாட்டில் இரண்டு மொழியிலும் ஹிஸ்டரி (நோய் விபரம்) எடுத்துப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை கொழும்பை விட்டு இங்கே வந்தால் படிப்பு குறைந்துவிடாது.

வர நினைப்பவர்கள் வாட்டுக்குப் பொறுப்பான கன்சல்டன்டுக்கு (விசேட வைத்தியருக்கு) நேரத்தோடு எழுதிக் கேளுங்கள், பீடத்தின் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாரி மழையும் அதற்குப் பின்னால் வரும் அறுவடையும் சேருகிற மாதங்களாகப் பார்த்துக் கேட்டால் இன்னும் நல்லது: டெங்கையும் பாம்புக்கடியையும் பார்க்க வாய்ப்பு வரும்.