4 பவுண்டுக்கு கீழன்னா ரூலே இல்லையா?

அமெரிக்கால ஆளில்லாம ரொம்ப உயரத்துக்கு விடுற பலூன்ல கட்டி அனுப்புற சாமான் (பேலோடு) 4 பவுண்டுக்கு கீழ இருந்தா எந்த ரூலும் கிடையாது, மேலேர்ந்து ஆர்சி கிளைடர (ரிமோட்ல ஓட்டுற, இன்ஜின் இல்லாத குட்டி விமானம்) கழட்டி விட்டாலும் ஓகேன்னு ஒருத்தர் போட்டிருக்கார், பாதிதான் சரிங்க. எஃப்ஏஏவோட (அமெரிக்க விமானத் துறை) விதிகள்ல பார்ட் 101ல அந்த 4 பவுண்டு, சின்ன சைஸ்ல கனமா இருக்குற பெட்டிக்குதான், மத்ததுக்கு 6. அதுக்கு கீழ இருந்தாலும் 101.7 பொருந்தும், அதாவது யாருக்கும் ஆபத்து வர்ற மாதிரி பறக்கவிடக்கூடாது.

கிளைடர் கதையே வேற, பலூன்லேர்ந்து பிரிஞ்சு நீங்க ரிமோட்ல ஓட்ட ஆரம்பிச்சதும் அது ட்ரோன் கணக்கு, பொழுதுபோக்குக்குன்னா கண்ணு பார்வைக்குள்ளயே இருக்கணும், பொதுவா 400 அடிக்கு மேல போகக்கூடாது, 250 கிராம் தாண்டினா ரெஜிஸ்டர் வேற. பலூன் போற 60,000 அடில யாருக்குங்க கண்ணு தெரியும்?

அப்புறம் டிராக்கிங்குக்கு செல்ஃபோன கட்டி அனுப்பாதீங்க, பறக்கும்போது ஆன்ல இருக்கக்கூடாதுன்னு எஃப்சிசி (அமெரிக்க தகவல் தொடர்பு ஆணையம்) விதி 22.925 பலூன பேர் சொல்லியே தடுக்குது.