பண மசோதா என்கிற முத்திரை

மாநிலங்களின் குரலுக்காகவே இருக்கும் அவை என்பதால்தான் அதற்கு மாநிலங்களவை என்று பெயர். 2016 மார்ச் 16 அன்று அந்த அவைக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

அன்று ஆதார் மசோதா அங்கே வந்தது. ஆளும் கூட்டணிக்கு அந்த அவையில் பெரும்பான்மை இல்லை. ஆனால் வரி, அரசுச் செலவு போன்ற பண விஷயங்களை மட்டுமே பேசும் 'பண மசோதா' என்ற முத்திரையோடு வந்ததால் அவையின் கைகள் கட்டப்பட்டுவிட்டன. பண மசோதாவை மாநிலங்களவை தோற்கடிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. 14 நாளுக்குள் பரிந்துரை சொல்லித் திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். ஐந்து திருத்தங்களைச் சொன்னார்கள். விரும்பாதவர் ஆதாரிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்பது ஒன்று. தனியாரும் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட 57ஆம் பிரிவை நீக்குங்கள் என்பது இன்னொன்று. அன்று மாலையே மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டது.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதே 57ஆம் பிரிவில் தனியாருக்கு இடம் தந்த பகுதியை ரத்து செய்தது. செல்போன் எண்ணோடு ஆதாரை இணைக்கச் சொன்ன உத்தரவும் அந்தத் தீர்ப்பில்தான் விழுந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஒரு செல்போன் கடையில் என் அம்மா, ரேகை தேய்ந்த விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது.

பட்ஜெட்டிலும் வரியிலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அவைக்கே கடைசிச் சொல் இருக்கட்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எது பண மசோதா என்பதில் மக்களவை சபாநாயகர் சொல்வதே இறுதி என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 110ஆம் பிரிவு. யாருடைய அதிகாரம் பறிபோகிறதோ அந்த அவையை ஒரு வார்த்தை கேட்பதில்லை. 2017இல், கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்கான தேர்தல் பத்திரத் திட்டமும் நிதி மசோதாவின் முதுகில் ஏறி இதே வழியாக வந்துவிட்டது.

ஆதார் வழக்கில் நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டு, ஆதாரைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றே எழுதினார். அது பண மசோதாதான் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு ஏற்றுக்கொண்ட விதத்தை 2019இல் இன்னொரு அமர்வு சந்தேகித்து, இன்னும் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் அந்த அவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் எம்எல்ஏக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பியவர்கள். பண மசோதா என்று சபாநாயகர் சான்று தரும் முன் மாநிலங்களவைத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தைத் திருத்துங்கள். நம் எம்பிக்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதைக் கேட்க வேண்டும்.