நான் சொல்லும் வரை அனுப்பாதீர்கள்

வகுப்பறையில் ஆசிரியர் கேட்கும் கேள்விகளிலேயே உருப்படாதது "புரிஞ்சுதா?" என்பதுதான். பல வருடம் நானும் அதைக் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு பெஞ்ச் "புரிஞ்சுது சார்" என்று பாடும், மற்றவர்கள் உதட்டை அசைப்பார்கள், நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்தக் கோரஸ் பொய் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். போர்ஷன் முடிய வேண்டுமே என்று இரு தரப்பும் பேசாமல் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். என் மாணவர்களில் பாதிக்கு மேல் குடும்பத்திலேயே முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை 'விசை', 'முடுக்கம்' என்று படித்துவிட்டு வந்து, இங்கே திடீரென்று 'ஃபோர்ஸ்', 'ஆக்சிலரேஷன்' என்று புத்தகத்தைத் திறப்பவர்கள். எழுந்து நின்று சந்தேகம் கேட்க வேண்டுமென்றால், சந்தேகத்தையும் யோசிக்க வேண்டும், அதை எந்த மொழியில் கேட்பது என்றும் யோசிக்க வேண்டும். பக்கத்து பெஞ்சில் யார் சிரிப்பார்கள் என்பது வேறு. இவ்வளவையும் தாண்டி வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிடும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சில மாதம் கழித்து ஆன்லைன் வகுப்பு. அந்தக் கஷ்டங்களை எல்லோரும் எழுதியாகிவிட்டது, நான் திரும்ப எழுதப்போவதில்லை. மொட்டை மாடியில் சிக்னல் தேடிய பிள்ளைகள், அண்ணன் வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும் வீடுகள், அப்புறம் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு அரசு கொடுத்த தினசரி 2 ஜிபி டேட்டா. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அந்தத் திரையின் ஓரத்தில் இருந்த சின்ன சாட் பெட்டியைப் பற்றி.

ஒருநாள் நியூட்டனின் மூன்றாம் விதி. ஒரு லாரி ஸ்கூட்டர் மீது மோதுகிறது, எது எதன் மீது அதிக விசை செலுத்துகிறது என்று கேட்டேன். விதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. ஆனால் சாட்டில் வரிசையாக 'லாரி', 'லாரி', 'லாரி சார்'. நான் விதியை மறுபடி சொல்லி, இரண்டும் சமம் என்றேன். ஒரு நிமிடம் அமைதி. பிறகு, வருடம் முழுக்க 'பிரசன்ட் சார்' தவிர வேறெதுவும் சொல்லாத ஒரு மாணவியிடமிருந்து ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்: "அப்போ ஏன் சார் ஸ்கூட்டர் மட்டும் நசுங்குது?"

அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், இந்தக் கேள்வியை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. அதாவது, இத்தனை வருடமும் ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கேள்வி யாராவது ஒருவர் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது, எனக்கு வந்து சேரவில்லை. விசை சமம், நிறைதான் சமமில்லை. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம், அதுதான் இரண்டாம் விதி. பத்தாயிரம் கிலோ லாரிக்கும் நூறு கிலோ ஸ்கூட்டருக்கும் ஒரே விசை கிடைத்தால், ஸ்கூட்டரின் முடுக்கம் லாரியுடையதைவிட நூறு மடங்கு. போதாக்குறைக்கு லாரியின் முன்பக்கம் தாங்கும் அடியை ஸ்கூட்டரின் தகடு தாங்காது. அன்று இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது அவர்களுக்கு மட்டுமல்ல. அவற்றைத் தனித்தனிப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தது நான்தானே.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இருக்கிறார். நன்றாக நடத்துகிறார் என்று பெயர் வாங்கியவர். ஒருமுறை அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் எளிமையான வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டாராம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று. மசூர் ஆடிப்போனார். 1991 முதல் விரிவுரையைக் குறைத்துவிட்டு, ஒரு கேள்வி போடுவது, ஒவ்வொருவரும் தனியாகப் பதிலைத் தேர்ந்தெடுப்பது, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடுவது, மறுபடி பதில் சொல்வது என்று மாற்றிக்கொண்டார். அந்த முறை இன்று உலகம் முழுக்கப் போயிருக்கிறது. ஹார்வர்ட் மாணவியின் தலைக்குள்ளும் என் மாணவியின் தலைக்குள்ளும் இருந்தது ஒரே சிக்கல்தான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பக்கத்துப் பிள்ளையிடம் கற்றுக்கொள்வது ஒன்றும் ஹார்வர்ட் சரக்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம்மூர் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான், வாத்தியாருக்குப் பதிலாக மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாணவன். 1789-இல் எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகளை வைத்தே இளையவர்களுக்குக் கற்பித்தார். ஊர் திரும்பி 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே மெட்ராஸ் முறை.

அந்த மணலைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். மணலில் எழுதினால் தப்பைக் கையால் தடவி அழித்துவிடலாம். சிலேட்டிலும் அழிக்கலாம். வாயால் சொன்னதை மட்டும் அழிக்க முடியாது, அதனால்தான் பயம். சாட் பெட்டி இந்தப் பயத்தைத் தொடுகிறது. எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம், தைரியம் வந்த பிறகு அனுப்பலாம். வேடிக்கை என்னவென்றால், பலர் ஒரே நேரத்தில் அரட்டை அடித்த ஆரம்பகால மென்பொருள்களில் ஒன்று பிறந்ததே ஒரு கல்விக் கணினியில்தான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கற்பித்தல் கணினி அமைப்பில், 1973-இல் இரண்டு பேர் எழுதிய டாக்கோமேட்டிக். அதில் ஒவ்வொரு எழுத்தும் தட்டத் தட்ட மற்றவர் திரையில் தெரியும், அழிப்பதும் தெரியும். என் மாணவி அதில் இருந்திருந்தால் அந்த ஸ்கூட்டர் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

கல்லூரி மறுபடி திறந்தது. பெஞ்சுகளோடு மௌனமும் திரும்பி வந்தது. அந்த மாணவி மூன்றாவது வரிசை ஜன்னலோரம், பழையபடி தலை குனிந்தபடி. எனக்கு எரிச்சலாக இருந்தது. சாட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? போனில் ஒரு குழு தொடங்கி, வகுப்புக்குள்ளேயே அதைக் கொண்டுவந்தேன்.

முதல் மாதம் படு கேவலம். எடுத்தவுடன் ஸ்டிக்கர், காலை வணக்கம், வடிவேலு மீம். நன்றாகப் படிக்கும் பையன் பதில் போட்டவுடன் நாற்பது பேர் அதையே நகலெடுத்தார்கள். பெயர் தெரியாமல் கேட்கட்டும் என்று ஒரு செயலியில் ஏற்பாடு செய்தேன், இரண்டாம் நாளே ஒரு பெண்ணைப் பற்றி யாரோ அசிங்கமாக எழுதினார்கள். அன்றோடு அநாமதேயத்தை மூடிவிட்டேன். வெட்கப்படுகிறவர்களுக்கு உதவ நினைத்து கோழைகளுக்கு உதவியிருந்தேன்.

பிறகு சிலதை மாற்றினேன். எல்லோரும் பதிலை எழுதுங்கள், ஆனால் நான் சொல்லும் வரை அனுப்பாதீர்கள் என்பது முதல் மாற்றம். முழுதாக இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவின் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டுபிடித்தார். மூன்று வினாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்பதும் அவர் கண்டதுதான். "ம், அனுப்புங்க" என்றதும் அறுபது பதிலும் மழை மாதிரி கொட்டும். யாரைப் பார்த்தும் யாரும் எழுதவில்லை. எங்கே குழம்பியிருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். யார் தவறாகச் சொன்னது என்று நான் பெயர் சொல்வதில்லை, "லாரிக் கட்சி", "சமக் கட்சி" என்று மட்டும் சொல்லி வாதாட விடுவேன்.

இன்னொன்று, சாட்டைப் படிக்க ஒரு சட்டாம்பிள்ளை. வாரத்துக்கு ஒருவர். நான் போர்டில் எழுதிக்கொண்டே போனைப் பார்க்க முடியாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் எழுந்து, வந்த சந்தேகங்களில் மூன்றை வாசிப்பார். அடுத்தவர் சந்தேகத்தை வாசிக்க யாருக்கும் கூச்சமில்லை. குரல் பழகிய பிறகு தன் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறார்கள்.

எல்லோரிடமும் போன் இல்லையே என்பீர்கள். சரிதான், என் வகுப்பிலும் இல்லை. இரண்டு பேருக்கு ஒரு போன் போதும், பதிலை முடிவு செய்ய அவர்கள் பேசிக்கொள்ள வேண்டியிருப்பது நல்லதுதான். போனே கூடாது என்கிற பள்ளிகளுக்கு பிளிக்கர்ஸ் மாதிரி அட்டைகள் இருக்கின்றன. பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும் வாக்கில் பதில் இருக்கும், ஆசிரியரின் ஒரே போன் எல்லாவற்றையும் படித்துவிடும். அதுவும் இல்லையா, துண்டுச் சீட்டு.

என் கோபமெல்லாம் வேறொன்றின் மீது. வகுப்பறைக்குத் தொழில்நுட்பம் என்றாலே நாம் வாங்குவது பெரிய திரை. எங்களிடமும் ஒரு ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. ஆய்வுக் குழு வந்த அன்று பூமாலை போட்டு ஆன் செய்தோம். இப்போதும் அதில் பிபிடிதான் ஓடுகிறது, கரும்பலகை வெள்ளையானதைத் தவிர வேறு மாற்றமில்லை. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஊரடங்கில் எத்தனையோ வீடுகளுக்குக் கைகொடுத்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டிவியைப் பார்த்துக் கை தூக்க முடியாது. ஆசிரியர் பேசுவதைப் பெரிதாக்கவும் அழகாக்கவும்தான் எல்லாச் செலவும். மாணவர் சொல்வது ஆசிரியருக்கு வந்து சேர என்ன வாங்கினோம்? இத்தனைக்கும் அது காசே கேட்பதில்லை.

இதில் நஷ்டமும் இருக்கிறது. சக ஆசிரியர் ஒருவர், நல்ல நண்பர், கேட்டார்: "இப்படி கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா போர்ஷனை எப்ப சார் முடிப்பீங்க?" நியாயமான கேள்வி. நான் முடிக்கவில்லை. செமஸ்டர் தேர்வு நெருங்குகிறது, ஐந்தாவது யூனிட்டில் பாதி பாக்கி. வரும் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைக்கட்டுமா என்று நேற்று குழுவில் கேட்டேன், இரண்டு நிமிடம் யாரும் அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு. முப்பத்தெட்டு கட்டைவிரல் வந்தது. நான்கு பேர் ஊருக்குப் போகிறார்களாம். கடைசியாக ஒரு வரி: "சார், டீ உண்டா?"