மண்ணெண்ணெய் தடவிய கைக்கு மீன் சிக்குமா?

'மனிதக் கைபட்ட இரையை எந்த மீனும் தொடாது. கையில் மண்ணெண்ணெய் தடவினால் அந்த வாடை மறையும்' என்ற செய்தி, முட்டுக்காடு, எண்ணூர்ப் பக்கம் தூண்டில் போடுபவர்களிடையே சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும் கூட.

இதில் ஒரு துளி உண்மை உண்டு. 1950களில் கனடாவில், ஆற்றில் எதிர்நீச்சலிட்டு ஏறிய சால்மன் மீன்கள், கை கழுவிய நீர் கலந்ததும் மிரண்டு நின்றன. தோலிலுள்ள செரின் என்ற அமினோ அமிலமே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். கரடிக்கு இரையாகும் சால்மனுக்கு அந்த அச்சம் இயல்புதான். அதை நம் கெளுத்தியின் மேல் ஏற்றுவது எப்படிச் சரி? கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடல் முழுவதும் சுவை மொட்டுகள் இருக்கின்றன. அமினோ அமிலங்களைக் கொண்டே அது இரையைத் தேடிப் பிடிக்கிறது.

மண்ணெண்ணெய் வாடையை மறைப்பதில்லை, இன்னொரு வாடையைச் சேர்க்கிறது. தோலை எரிக்கும், தீப்பிடிக்கும், கழிமுக நீரில் எண்ணெய்ப் படலமாகப் பரவும். தயவுசெய்து தடவாதீர்கள்.

கையிலிருந்து இரையில் ஒட்டும் வாடைகளில் கவனிக்க வேண்டியவை கொசு விரட்டிக் களிம்பு, வெயில் களிம்பு, பெட்ரோல் கறை ஆகியவைதான். களிம்பு பூசியபின் உள்ளங்கையை மணமற்ற சோப்பால் நன்றாகக் கழுவிவிட்டு இறாலைக் கோத்தால் போதும்.