சவுதிக் காசு ஆகாதாம், வட்டிக் காசு ஆகுமாம்!

கேட்டீர்களா கதையை? எங்கள் அணிச் சட்டைக்குச் சவுதிப் பணம் ஆகாதாம். அறம் இடிக்கிறதாம். மனித உரிமைப் பிரச்சினையாம். தீர்மானம் போட்டது ஐக்கிய நாடுகள் சபை இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், மிக்சர் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டியை நடத்துகிற குழு.

அவர்களை இப்படி நடுங்க வைத்த அந்தச் சவுதி முதலீட்டாளர் யார் என்று சொல்லிவிடுகிறேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கடையநல்லூர்க்காரன். சவுதியில் ஜுபைல் என்ற ஊரில் எலக்ட்ரீஷியன். எழுவர் கால்பந்துப் போட்டி நடத்துகிறோம், பையன்களுக்குச் சட்டை வேண்டும் என்று கேட்டேன். எவ்வளவு ஆகும் என்றுகூடக் கேட்காமல் சரி என்றான். தன் பெயரைப் போட வேண்டாம், முடிந்தால் அப்பா பெயரை ஓரமாகப் போடுங்கள் என்றான். இவ்வளவுதான் அந்த அரபு சதித்திட்டம்.

இதை நான் குழுவில் சொன்னதும் ஒரு தம்பி தொண்டையைச் செருமினான். "அண்ணாச்சி, தப்பாக நினைக்காதீர்கள்" என்று ஆரம்பித்தான். இந்த ஊரில் இப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சாவது நல்லபடியாக முடிந்திருக்கிறதா? கைப்பேசியை எடுத்தான். ஏதோ ஓர் ஆங்கிலக் கட்டுரை. அதைப் பத்தி பத்தியாக வாசித்து, ஒவ்வொரு பத்திக்கும் எங்களுக்குப் பொருள் சொன்னான். பொருள் சொல்லி முடித்ததும் நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தான். பார்த்துவிட்டு மிக்சரில் இருந்த வேர்க்கடலையை மட்டும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டான். பிறகு அடுத்த பத்தி. மறுபடியும் பொருள், பார்வை, வேர்க்கடலை. பொருளாளர் தூங்கிவிட்டார். செயலாளர் அண்ணாச்சி மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தாலும் அப்படித்தான் ஆட்டுவார்.

அவன் வாசித்ததில் பொய் இல்லை. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018இல் இஸ்தான்புல்லில் சவுதித் துணைத் தூதரகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். அங்கே மரண தண்டனைகள் நிறைவேறுகின்றன. எல்லாம் உண்மை. நான் மறுக்கவே இல்லை. அதற்கும் மாடி மாடியாக ஒயர் இழுத்துப் பிழைக்கிற கடையநல்லூர்க்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்டேன். தம்பி பொறுமையாகச் சிரித்தான். "பணத்தின் மூலத்தைப் பார்க்க வேண்டும் அண்ணாச்சி. உங்களுக்குப் புரியாது. நீங்கள் சவுதிக்காரர்கள் வாங்கிய நியூகாசில் அணியின் ரசிகர்."

இதைச் சொல்லும்போது இடது கையை என்னை நோக்கி நீட்டினான். அங்கேதான் என் பொறுமை செத்தது. அவன் போட்டிருந்தது லண்டன் அணியான ஆர்சனலின் சட்டை. நெஞ்சில் 'ஃபிளை எமிரேட்ஸ்'. என்னை நோக்கி நீட்டிய அந்தக் கையில் 'விசிட் ருவாண்டா'. துபாய் அரசாங்கத்தின் விமான நிறுவனத்தை நெஞ்சிலே சுமந்துகொண்டு, ருவாண்டா அரசாங்கத்தின் சுற்றுலா விளம்பரத்தைத் தோளிலே ஒட்டிக்கொண்டு, என்னிடம் பணத்தின் மூலம் பேசுகிறான்! 2006இலிருந்து அந்தச் சட்டையில் எமிரேட்ஸ் இருக்கிறது. அவர்கள் ஆடுகிற மைதானத்துக்கே அந்தப் பெயர்தான். 2018இல் ருவாண்டா வந்து சேர்ந்தது. 2025இல் காங்கோவின் வெளியுறவு அமைச்சரே ஆர்சனலுக்கும் பேயர்ன் மியூனிக்குக்கும் பாரிஸ் அணியான பி.எஸ்.ஜி.க்கும் எழுதி, ருவாண்டா எங்கள் நாட்டில் கிளர்ச்சிப் படைக்கு உதவுகிறது, இந்த ஒப்பந்தங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். இதைச் சொன்னேன். "அது வெறும் விளம்பரம் அண்ணாச்சி, உரிமை வேறு" என்றான். சரியப்பா. கடையநல்லூர்க்காரன் எங்கள் அணியை விலைக்கா கேட்டான்? அவனும் சட்டைதானே வாங்கித் தருகிறேன் என்றான்!

நான் ஏன் நியூகாசில் ரசிகன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. அதில் சட்டை நிறம் மாறாமல் தெரிந்த ஒரே இங்கிலாந்து அணி அதுதான். பிறகு ஆலன் ஷியரர் கோல் அடித்தார், நான் மாட்டிக்கொண்டேன். எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை. 1955இல் ஒரு கோப்பை வென்ற அணி, உள்நாட்டில் அடுத்த பெரிய கோப்பையைத் தூக்கியது 2025இல். அத்தனை கால வறட்சியிலும் கூடவே நின்ற எங்களைப் பார்த்து, காசுக்காகச் சேர்ந்தவர்கள் என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

2021 அக்டோபரில் சவுதியின் பொது முதலீட்டு நிதியம் நியூகாசிலில் 80 சதவீதத்தை வாங்கியது. அன்றைக்கு இங்கிலாந்துப் பத்திரிகைகள் போட்ட ஒப்பாரி இருக்கிறதே! போடட்டும், நியாயம்தான். நிதியத்துக்குத் தலைவர் பட்டத்து இளவரசர். ஆனாலும் கிளப்பைச் சவுதி அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி உறுதி வாங்கிவிட்டோம் என்றது இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியை நடத்தும் பிரீமியர் லீக். சின்னக் குழந்தைகூடச் சிரிக்கும். ஆனால் இந்த ஒழுக்கம் அதுவரை எந்த ஊருக்குச் சுற்றுலா போயிருந்தது? ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் 2003இல் செல்சி அணியை வாங்கினார். கோப்பை கோப்பையாகக் குவிந்தபோது அவர் தாராளமான முதலாளி. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு, மார்ச் மாதத்தில் பிரிட்டன் தடை விதித்தது. அன்று காலையில்தான் பலருக்கும் அவருடைய பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்ததுபோல ஒரு பாவனை. பத்தொன்பது ஆண்டுகள்! அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் 2005இல் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கிய கதை தெரியுமல்லவா? பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். நம் வீட்டுப் பத்திரத்தையே அடகு வைத்து நம் வீட்டை வாங்கிவிட்டு, வட்டியையும் நம்மிடமே வசூலிப்பதற்குப் பெயர் வியாபாரத் திறமை. ரசிகர்கள் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். ஆனால் அதை யாராவது நாகரிகங்களின் மோதல் அளவுக்குப் பேசினார்களா? அமெரிக்கன் செய்தால் நிதி நிர்வாகம், அரபி செய்தால் ஒழுக்கக் கேடு.

இன்னும் கேளுங்கள். அந்த லீக்கின் பெயரிலேயே 2016 வரை ஒரு வங்கி உட்கார்ந்திருந்தது. பார்க்ளேஸ். வட்டி விகிதத்தைத் தில்லுமுல்லு செய்ததற்காக 2012இல் 29 கோடி பவுண்டு அபராதம் கட்டிய அதே வங்கி. அபராதம் கட்டிய பிறகும் நாலு பருவம் பெயர் பலகையில் தொடர்ந்தது. சூதாட்ட நிறுவனங்கள் விஷயத்தில் நடந்தது இன்னும் அழகு. 2023 ஏப்ரலில் எல்லாக் கிளப்புகளும் கூடி, சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் இனிக் கிடையாது என்று ஒத்துக்கொண்டன. எப்போதிலிருந்து? 2025-26 பருவம் முடிந்த பிறகு. கையில் போட்டுக்கொள்ளலாமா? தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். நெஞ்சில் இருந்தால் பாவம், புஜத்தில் இருந்தால் புண்ணியம். இதையெல்லாம் விவாதிக்கிற தொலைக்காட்சி மேசையில் நெறியாளர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விளையாட்டின் ஆன்மாவைப் பற்றிப் பேசுவார். இடைவேளை வரும். விளம்பரம் வரும். என்ன விளம்பரம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நம் பக்கம் சூதாட்ட விளம்பரம் செய்தித் தளம் என்ற வேஷத்தில் வந்தது.

தம்பிக்கு ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போய்விட்டது. விளையாட்டை வைத்துப் பெயர் வெளுப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள லண்டன் கட்டுரை தேவையில்லை. வேதாந்தா குழுமம் கோவாவிலும் ராஜஸ்தானிலும் கால்பந்து அகாடமி நடத்துகிறது. அதே குழுமத்தின் தாமிர உருக்காலை இருந்தது நம் தூத்துக்குடியில். ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22, 23 தேதிகளில் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். கஷோகிக்கு அழுத கட்டுரையை வாசித்த வாய், இதைப் பற்றி ஒரு தடவை திறந்ததுண்டா?

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். அது இன்னும் முடியவில்லை. சவுதிப் பணத்தை நிராகரிக்கிறோம் என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது. தூங்கிக்கொண்டிருந்த பொருளாளரின் வாக்கும் ஏகமனதில் சேர்ந்தது. அப்படியானால் சட்டைக்கு என்ன வழி என்று கேட்டேன். செயலாளர் அண்ணாச்சி தலையாட்டுவதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே ஆள் பார்த்தாகிவிட்டது என்றார். நம் பைனான்ஸ் அண்ணாச்சிதான். சட்டை அவர், கோப்பை அவர், மைக்செட் அவர், இறுதிப் போட்டியன்று பிரியாணியும் அவர். பிரியாணி என்ற சொல் காதில் விழுந்ததும் பொருளாளர் எழுந்துவிட்டார்.

நான் தம்பியைப் பார்த்தேன். பணத்தின் மூலத்தைப் பற்றி இப்போது ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். தட்டில் வேர்க்கடலை தீர்ந்திருந்தது. ஓமப்பொடியை எடுத்தான்.

யாருக்குத் தெரியாது அந்த பைனான்ஸ்? காலையில் தண்டல், சாயங்காலம் மீட்டர் வட்டி. காய்கறி வண்டிக்காரர் அவருடைய பைக் சத்தம் கேட்டால் சந்துக்குள் ஒதுங்குகிறார். இதே திருநெல்வேலியில்தான் 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் கலெக்டர் அலுவலகத்திலேயே ஒரு குடும்பம் தீக்குளித்தது. தாய், தகப்பன், இரண்டு பெண் குழந்தைகள். 2003இலிருந்து அதிக வட்டிக்குத் தடைச் சட்டம் இருக்கிறது. இருந்து என்ன? கந்துவட்டிக்கு எதிராக அரைப் பக்கம் எழுதிய பத்திரிகையிலேயே, அடுத்த பக்கத்தில் இவருக்கு வண்ணத்தில் பிறந்த நாள் வாழ்த்து. இங்கிலாந்துக்காரனை மட்டும் ஏன் திட்டுகிறேன்?

இதிலே நான் வாய் திறக்க முடியாத இடம் ஒன்று உண்டு என்று தம்பி நினைத்தான். "உங்கள் நியூகாசில் சட்டையிலும் வட்டிக் கடைதானே இருந்தது" என்றான். இருந்தது. வோங்கா. 2013இலிருந்து நாலு பருவம். ஆண்டு வட்டி விகிதம் 5,000 சதவீதத்துக்கும் மேல். பாப்பிஸ் சிசே என்ற எங்கள் முன்களவீரர், வட்டிக்கு இஸ்லாமிய மார்க்கம் இடம் கொடுக்கவில்லை என்று முதலில் அந்தச் சட்டையைப் போட மறுத்தார், பிறகு போட்டுக்கொண்டார். அங்கேயும் சிலர் எதிர்த்தார்கள், எழுதினார்கள். ஆனால் அந்த நாலு பருவத்தில் ஒருவராவது என்னைத் தேடி வந்து, அண்ணாச்சி உங்கள் கிளப் ஏழைகளின் வட்டியில் ஓடுகிறதே என்று கேட்டாரா? இல்லை. எங்கள் பணத்துக்கு அரபி தலைப்பாகை கட்டிய பிறகுதான் எல்லாருக்கும் அறம் அரிக்கிறது. 2018இல் வோங்கா திவாலானது என்பது கூடுதல் தகவல். நம் ஊர் பைனான்ஸ்கள் திவாலாவதில்லை.

இன்று காலை பிளெக்ஸ் வந்துவிட்டது. வ.உ.சி. மைதானத்துக்குப் போகிற வழியில் கட்டியிருக்கிறார்கள். கைகூப்பிய நிலையில் முழு உருவமாக அவர். வெள்ளைச் சட்டை, விரலுக்கு ஒரு மோதிரம். இடது பக்கம் ஒரு சிங்கம். சிங்கம் எதற்கு என்று தெரியவில்லை, கால்பந்து ஆடுமோ என்னவோ. மேலே 'இளைஞர்களின் எதிர்காலமே' என்று போட்டிருக்கிறது. இது ஒன்றுதான் உண்மை, பாதிப் பையன்களின் அப்பாக்கள் அவரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள். கீழே குழுவினரின் வட்ட வட்டப் படங்கள். அந்தத் தம்பியின் படமும் உண்டு, அதே ஆர்சனல் சட்டையில். பந்து எங்கே என்று தேடினேன். சிங்கத்தின் வால் பக்கம், அச்சகத்தாரின் தொலைபேசி எண்ணுக்குப் பின்னால் பாதி தெரிந்தது.

ஜுபைலுக்கு அழைத்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திணறினேன். பிறகு சொல்லிவிட்டேன். உன் பணம் வேண்டாமாம் மாப்பிள்ளை, அதில் இளவரசர் இருக்கிறாராம் என்றேன். யார் தருகிறார்கள் என்று கேட்டான். பைனான்ஸ்காரர் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தான் பாருங்கள், இருமல் வரும்வரை சிரித்தான். விசா ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் அவரிடம் வாங்கியதாம். மாதம் பிறந்தால் ஜுபைலிலிருந்து வட்டி போய்க்கொண்டிருக்கிறதாம். "அப்படியென்றால் சட்டை என் காசுதானே, எங்க வாப்பா பேரைப் போடச் சொல்லு" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன செய்ய? நடுரோட்டில் சிங்கத்துக்கு முன்னால் நின்று ஒருவன் கைப்பேசியோடு சிரித்தால் போகிறவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

தலை வலித்தது. எதிரே டீக்கடைக்குப் போனேன். டீ குடித்துவிட்டுப் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் கடைக்காரர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். செல்லாதாம்! ரிசர்வ் வங்கி எத்தனை முறைதான் சொல்லும், எல்லா வடிவப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று? பஸ்ஸில் வாங்க மாட்டார்கள், பெட்டிக்கடையில் வாங்க மாட்டார்கள், ஆனால் நமக்குச் சில்லறை தரும்போது மட்டும் எங்கிருந்தோ நாலு எடுத்துத் தள்ளிவிடுவார்கள். "நோட்டாக் கொடுங்க அண்ணாச்சி" என்கிறார். நோட்டு இல்லை ஐயா! வீட்டில் ஒரு டப்பா நிறைய இந்த நாணயம்தான் கிடக்கிறது. யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா?