அந்தத் தீர்ப்பு சொன்னது அது இல்ல அண்ணாச்சி

அண்ணாச்சி, கொரோனா காலத்தைப் பத்தி "எமர்ஜென்சி போட்டுதான் ஊரடங்கு கொண்டுவந்தான், தடுப்பூசியே சட்டவிரோதம்னு சுப்ரீம் கோர்ட் 2022-ல சொல்லிட்டு"ன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் தப்பு.

2020 மார்ச்சுல எமர்ஜென்சி எதுவும் அறிவிக்கல. கடைசியா இருந்தது 1977-லயே முடிஞ்சு போச்சு. ஊரடங்குக்கு எடுத்தது 2005-ம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். நம்ம குளச்சலயும் மணக்குடியையும் கடல் வாரிக்கிட்டுப் போச்சே, அந்த சுனாமிக்கு அடுத்த வருஷம் வந்த சட்டம். புயல், வெள்ளம்னு நினைச்சு எழுதினதை நோய்க்கு இழுத்தது சரியான்னு கேளுங்க, நானும் உங்க கூட நிக்கேன். கூடவே 1897-ம் வருஷத்து வெள்ளைக்காரன் காலத்துத் தொற்றுநோய்ச் சட்டம் வேற!

தீர்ப்பு 2022 மே 2-ல வந்தது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக்கூடாது, அது அரசியல் சட்டத்தோட 21-வது பிரிவு தார உரிமைன்னு சொன்னது உண்மை. ஆனா அதே தீர்ப்புல, அரசோட தடுப்பூசிக் கொள்கையில நியாயக்கேடு இல்லன்னும் இருக்கு. ஊர் நன்மைக்காக, தேவைக்கு மீறாத கட்டுப்பாடு போடலாம்னும் இருக்கு. ஊசி போடாதவங்களை பொது இடத்துல விடாம தடுத்ததைத்தான், தொற்று குறைஞ்ச அந்த நேரத்துல அளவுக்கு மீறினதுன்னு சொல்லி, மறுபடி பரிசீலிக்கணும்னு யோசனை சொன்னாங்க. போடாதவங்களாலதான் கூடுதலாப் பரவுதுன்னு காட்ட அரசு எந்தக் கணக்கும் கொடுக்கலையாம்.

எங்க அம்மையையும் ஒரு வாசல்ல நிறுத்தினாங்க. ரெண்டு ஊசியும் போட்டவதான், சர்டிபிகேட் இருந்த போன்ல சார்ஜ் இல்ல. வெயில்ல அரை மணி நேரம் நின்னா. அந்தக் கோவம் எனக்கும் இருக்கு. அதுக்காக கோர்ட் சொல்லாததை சொன்னதா எழுதலாமா?